பிளேட்லெட் பெரிதாக இருக்கிறது என்றார்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் சங்க மலரில் படித்தவர்கள்தான் எழுதுவார்கள். நான் ஆரணிப் பக்கம் பத்தாவது வரை படித்துவிட்டு இங்கே புனே பக்கம் வந்து, தேஹு ரோடு ராணுவ டிப்போவில் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்துக் காலம் தள்ளியவன். நாலு பேர் கூடிய இடத்தில் பேச எழுந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் செருப்பு காணாமல் போனால்கூட யாரையும் கேட்காமல் வெறுங்காலோடு வீட்டுக்கு வருகிற ஆள் என்று என் மனைவி சரசு சொல்வாள். அது உண்மைதான்.

ஆனாலும் எழுத வேண்டியதாகிவிட்டது. போன மாதம் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் இருக்கும் ஓர் அம்மாள், கையில் ரத்த ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். "அண்ணா, பிளேட்லெட் சைஸ் பெருசா கீதாம். உங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்களாமே. ஈரல் போச்சுன்னு அர்த்தமாண்ணா?" என்று கேட்டு அழுதார். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. "டாக்டரைக் கேளுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகுதான் சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் வந்தது அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி முதுகு வரைக்கும் வந்தது. பெட்டிக்குள் அடைக்கும் வைக்கோல் தூசி என்று நினைத்தேன். சரசு, துணி துவைக்கும் பவுடர்தான் காரணம் என்று அதை மாற்றினாள். பிறகு சிறுநீர் கட்டி டீத்தண்ணி போலப் போனது. மலம் களிமண் நிறத்துக்கு வெளுத்தது. இதையெல்லாம் வீட்டில்கூடச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன். கண் மஞ்சளான பிறகுதான் மறைக்க முடியவில்லை.

டிப்போவில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏழுமலை, தோ பெக் கம் கர்" என்றார். இரண்டு பெக்கைக் குறை என்று அர்த்தம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாழ்க்கையில் குடித்ததே இல்லை. ஆனால் அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. என் அண்ணன் அதே டிப்போவில் வேலை பார்த்து, குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர். கடைசியில் அவருக்குக் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை போல ஆகிவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவன் நான்தான். பிளேட்லெட் என்ற வார்த்தையையே அவருடைய ரிப்போர்ட்டில்தான் முதலில் கேட்டேன். "பிளேட்லெட் கம் ஹை", குறைவாக இருக்கிறது என்று ஒவ்வொரு டாக்டரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

எங்கள் ஏரியா டாக்டர் வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தப்பையில் கற்கள் இருந்தன. ஈரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய் அகலமாகத் தெரிந்தது. கல் ஒன்று அந்தக் குழாய்க்குள் இறங்கி அடைத்திருக்கலாம், பித்தம் போக வழியில்லாமல் ரத்தத்தில் கலந்துதான் மஞ்சளும் அரிப்பும் வருகிறது என்றார். மண்ணீரலும் கொஞ்சம் பெரிதோ என்று சந்தேகமாக எழுதியிருந்தார்கள். "எதற்கும் ரத்தம் பார்த்துவிடலாம்" என்றார்.

ரத்தம் கொடுத்த நாள், பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம் எங்கள் வழியாகப் போகும் நாள். பண்டர்பூருக்கு நடந்து போகும் வார்க்கரிகளுக்கு எங்கள் லைன் பெண்கள் வருஷா வருஷம் நிக்டியில் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள். சரசுதான் அதற்குத் தலைவி மாதிரி. நான் காலையில் ரத்தம் எடுக்கும் சின்னக் கடையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்த பெண், "இன்னைக்கு ரோடு பந்த். சிஞ்ச்வட் லேபுக்கு ரத்தம் கொண்டுபோற பைக்காரன் வரமாட்டான். நாளைக்கு வாங்க" என்று ஹிந்தியில் சொன்னாள்.

கூட வந்திருந்த சரசு விடுவாளா? "எடுத்த ரத்தத்தை இன்னாத்துக்கு வீணாக்கணும்? எங்க மோர் டெம்போவை போலீஸ் விட்ருவான். லேபு எங்க கீதுன்னு சொல்லு, நானே குடுத்துட்டு வந்துர்றேன்" என்றாள். அந்தப் பெண்ணும் ஊதா மூடி போட்ட சின்னக் குழாயை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் சரசு தொண்டை கட்டிப்போய், புடவையெல்லாம் இஞ்சியும் கொத்தமல்லியும் மணக்க வந்தாள். "குடுத்தாச்சுங்க. பத்திரமா கொண்டு போய் குடுத்தேன்" என்றாள்.

மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். பித்தத்தின் அளவு ஏறியிருந்தது. அது தெரிந்த விஷயம்தான். பிறகு பேனாவால் ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டார். பிளேட்லெட் எண்ணிக்கை குறைவு, சராசரி சைஸ் அதிகம் என்றார். அந்தச் சைஸுக்கு எம்.பி.வி. என்று பெயர்.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பிளேட்லெட் என்பது ரத்தத்தில் ஓடும் மிகச் சின்னத் துணுக்கு. காயம் பட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு ரத்தம் கொட்டாமல் அடைக்கும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் அது உண்டாகிறது. புதிதாக வந்தது பெரிதாக இருக்கும். ஈரல் கெட்டுத் தழும்பேறினால் ரத்தம் அதன் வழியாகச் சுலபமாகப் போக முடியாது. மண்ணீரல் பக்கம் தேங்கும். மண்ணீரல் வீங்கிப்போய் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் ஆள் குறைந்துவிட்டதே என்று மஜ்ஜை அவசரமாகப் புதியவற்றை அனுப்பும். அவசர ஆர்டர் வந்தால் எங்கள் பிரிவில் இழைக்காத பலகையிலேயே பெட்டி செய்து அனுப்புவோம். அது முரடாகவும் பெரிதாகவும் இருக்கும். அது மாதிரிதான் என்று நான் புரிந்துகொண்டேன்.

"இது கல் மட்டும்தானா, இல்லை ஈரலே கெட்டிருக்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பீதே ஹோ க்யா?", குடிப்பதுண்டா என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டுவதற்குள் சரசு, "இவரா? ஹோமியோபதி மருந்து ஸ்பிரிட் நாத்தம் அடிக்குதுன்னு துப்புன மனுசன் டாக்டர் சாப்" என்று பாதி தமிழிலும் பாதி ஹிந்தியிலும் சொன்னாள். டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அண்ணனுடைய வயிறு கண் முன்னால் வந்து நின்றது.

எங்களுக்கு ஒரே மகள். பெயர் நித்யா. ஹிஞ்சேவாடியில் கம்பெனியில் வேலை செய்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. விஷயம் கேட்டதும் கம்பெனி வண்டியிலிருந்து போன் செய்தாள். "அப்பா, டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க. நான் இப்போ தேடிப் பார்த்துட்டுதான் இருக்கேன். எம்.பி.வி. ஹை... லிவர்..." என்றவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். "அரே, நெட்ல எல்லாத்துக்கும் இப்படித்தான் போடுவாங்க. சளி பிடிச்சாக்கூட செத்துப் போவேன்னு வரும்" என்றாள். அவள் என்ன படித்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் இருந்தால் போனைக் கவிழ்த்தே வைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி புனே நகருக்குள் இருந்தது. டிப்போ கார்டு இருந்ததால் பில் பற்றிய கவலை பாதிதான். மீதிப் பாதியை நித்யா பார்த்துக்கொண்டாள். அந்தக் கதை எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான், எழுதவில்லை.

ஈரல் வியாதிக்காரர்கள் உட்காரும் கூடத்தில் ஒரு விசேஷம் உண்டு. யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்ப்பார்கள். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரின் வெள்ளை விழியையும் எல்லோரும் அளப்பார்கள். தன்னைவிட மஞ்சளா, குறைச்சலா என்று. நானும் அளந்தேன். என்னைவிட மஞ்சளான ஒருவர் வந்தால் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். உடனே அது பாவம் என்று தோன்றும். அப்புறம் இன்னொருவர் வருவார்.

உள்ளே ஒரு சின்ன டாக்டர் எல்லாம் கேட்டு எழுதினார். குடிப்பீர்களா என்ற கேள்வி மறுபடியும் வந்தது. இல்லை என்றேன். அவர் எழுதியதை நித்யா எட்டிப் பார்த்தாள். வெளியே வந்ததும், "என்னம்மா எழுதினாரு?" என்று கேட்டேன்.

"குடிக்கறதில்லைன்னு நீங்க சொல்றீங்கன்னு எழுதியிருக்காருப்பா."

"நான் சொல்றேன்னா? அப்ப அவரு நம்பலையா?"

"அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்கப்பா."

"நம்பாத ஆளுகிட்ட இன்னாத்துக்கு வாயக் குடுத்தீங்க?" என்றாள் சரசு. "நான் உள்ள வந்திருந்தா அந்தாளையே ஊதச் சொல்லியிருப்பேன்."

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். கையில் ஊசி குத்தி மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஜுன்னர் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் காகா என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கழுத்தில் துளசி மாலை. அதைப் போட்டுக்கொண்டவர்கள் கள்ளு, சாராயம், மாமிசம் எதையும் தொடமாட்டார்கள். அப்படியும் அவருக்கு ஈரல் சுருங்கிவிட்டது. சர்க்கரையாலும் கொழுப்பாலும் வந்தது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அவர் வயிறு என் அண்ணன் வயிறு போலவே இருந்தது. முதல் நாள் முழுவதும் நான் அந்தப் பக்கம் திரும்பாமலே படுத்திருந்தேன்.

அவர் விடவில்லை. "ஓ தமிழ் பாவு, துஜா கிதி?" என்று கேட்டார். தமிழ்த் தம்பி, உனக்கு எவ்வளவு என்று அர்த்தம். பிளேட்லெட்டைத்தான் கேட்டார். நான் சொன்னேன். "ம், என்னைவிட நீ பணக்காரன்" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். சைஸைக் கேட்டார். சொன்னதும், "அதில் மட்டும் நாம் அண்ணன் தம்பி" என்றார். என் மனம் அப்படியே விழுந்துவிட்டது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அன்றைய ரத்தத்தின் ரிப்போர்ட் வந்தபோதுதான் குழப்பம் ஆரம்பித்தது. பெரிய டாக்டர் அம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். புதியதில் எண்ணிக்கை சரியாக இருந்தது. சைஸ் சரியான அளவின் மேல்கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. "இவ்வளவு சீக்கிரத்தில் இப்படி மாறாதே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

சரசுவுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "வேற யாரோட ரத்தமோ இவரு பேர்ல வந்திருக்கு. நம்ம ஊரு லேபுலதான் ஒழுங்கா பார்த்தாங்க" என்றாள். நல்ல ரிப்போர்ட்டை நம்ப எங்களுக்குத் தைரியம் வரவில்லை. கெட்டதைத்தான் உடனே நம்பினோம். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான்.

மறுபடியும் எடுத்தார்கள். இந்தத் தடவை ஊதா மூடிக் குழாயோடு நீல மூடிக் குழாய் ஒன்றிலும் எடுத்தார்கள். சிலருடைய ரத்தம் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்துக்கு ஒத்துக்கொள்ளாமல் கட்டிக்கொள்ளுமாம், அதற்காக என்றார்கள். காத்திருந்தோம். நித்யா நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள். சரசு யாரும் சாப்பிடாத இட்லியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

மத்தியானம் லேப் டாக்டர் அவரே மேலே வந்தார். தாடி வைத்த மனிதர், அதிகம் பேசாதவர். மூன்றாவதும் இரண்டாவதைப் போலத்தான் வந்தது, கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவிக் கண்ணாலும் பார்த்துவிட்டேன் என்றார். பிறகு, "முதல் ரத்தம் எப்போது எடுத்தது? லேபுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது? நடுவில் எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

"காலைல எடுத்தாங்க. சாயங்காலம் போற வழியில நானேதான் குடுத்தேன்" என்றாள் சரசு.

"அதுவரைக்கும்?"

சரசுவின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதை நான் மறக்கவே மாட்டேன். "பர்ஃப் மே ரக்கா தா, சாப். ஏக்தம் தண்டா" என்றாள். எனக்காகத் தமிழிலும் சொன்னாள். "பந்தல்ல மோர் டிரம்மைச் சுத்தி ஐஸ் கொட்டி வெச்சிருந்தோம்ல? அதுல நடுவுல டிபன் டப்பால போட்டுப் பொதைச்சு வெச்சிட்டேன். வெயில்ல கெட்டுப் போவாம. மோர் குடுத்து முடிச்சதும் எடுத்தா விரலே மரத்துப் போற அளவுக்கு ஜில்லுன்னு இருந்திச்சு."

"மாவ்ஷி, அது மீன் இல்லை" என்றார் லேப் டாக்டர்.

அவர் மெதுவாக விளக்கினார். பிளேட்லெட் சாதாரணமாகத் தட்டுப் போலத் தட்டையாக இருக்குமாம். குளிர் பட்டால் உருண்டு பந்தாகிவிடுமாம். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியும் ஆகுமாம். குழாயிலேயே நெடுநேரம் இருந்தாலும் ஊதிப்போகும். எண்ணுகிற மெஷினில் ஒரு சின்னத் துளை உண்டு, அதன் வழியாக ஒவ்வொன்றாகப் போகும்போதுதான் எண்ணும், அளக்கும். எங்கள் டிப்போ கேட்டில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் நுழைந்தால் காவல்காரன் ஒரு தடியன் போனான் என்று எழுதிக்கொள்வது போல. எண்ணிக்கை குறையும், சைஸ் ஏறும். "சாதாரண அறையில் வைத்து, சீக்கிரம் கொடுத்திருந்தால் போதும்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் காகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஒரு இருமல் போலத்தான் கேட்டது. பிறகு சிரிப்பு வெடித்தது. தண்ணீர் நிறைந்த அந்த வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "வார்க்கரிக்கு மோர், புருஷனுக்கு ஐஸ்! பாவு, உன் ரத்தம் பாண்டுரங்கன் பந்தலில் உட்கார்ந்து வந்திருக்கிறது!" என்றார். "இந்த வருஷம் நான் நடக்க முடியவில்லை. உன் ரத்தமாவது போய் வந்ததே." நர்ஸ் வந்து அதட்டினாள். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். நானும் சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு.

சரசு சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் செஞ்ச வேலையால இத்தினி நாளா உங்கள கொன்னுட்டேனே" என்றாள். ஒரு மொசம்பியை உரித்து, விதை எடுத்து, அவள் கையில் வைத்தேன். எனக்கு வாங்கி வந்த பழம்தான். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் பிளேட்லெட் பெரிது என்று வந்தால், ரத்தம் எப்போது எடுத்தார்கள், எங்கே இருந்தது, எப்போது மெஷினில் போட்டார்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதே நேரம், அது எல்லாம் மெஷின் தப்பு என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது. ஏனென்றால் என் கதையும் அங்கே முடியவில்லை.

சாயங்காலம் பெரிய டாக்டர் அம்மா வந்தார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அப்ப என் ஈரல் நல்லாத்தான் இருக்கா மேடம்?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் பொய் சொல்லவில்லை. "ஐஸ் கணக்கைக் கழித்தாலும் சைஸ் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறது. பித்தம் அடைத்து உள்ளே வீக்கம் இருக்கும்போதும் அப்படி ஆகலாம். ஈரல் தழும்பேறினாலும் ஆகலாம். இது ஒரு ஜாடைதான், தீர்ப்பு இல்லை. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க ஒரு மெஷின் உண்டு. ஆனால் பித்தம் அடைத்திருக்கும்போது அளந்தால் நல்ல ஈரலையும் இறுகியது என்று காட்டும். முதலில் கல்லை எடுப்போம்" என்றார்.

அன்றே குளிரோடு ஜுரம் வந்தது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். அடைத்த பித்தத்தில் கிருமி சேர்ந்தால் அப்படி வருமாம், தாமதிக்கக் கூடாது என்றார்கள். விடிந்ததும் மயக்கம் கொடுத்து வாய் வழியாகக் குழாய் விட்டு, குடல் வரைக்கும் போய், பித்தக் குழாயின் வாயைக் கொஞ்சம் அறுத்து, கல்லை வெளியே தள்ளினார்கள். பித்தம் தடையில்லாமல் இறங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை வைத்தார்கள். எனக்கு எதுவும் தெரியாது. விழித்தபோது தொண்டை மட்டும் வலித்தது. சரசு என் உள்ளங்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். பழக்கத்தில் சொறிந்திருக்கிறாள். "வேணாம் சரசு, அரிக்கல" என்றேன். அவள் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் சொறிந்தாள்.

ஜுரம் விட்டது. சிறுநீர் நாளுக்கு நாள் வெளுத்தது. கண்ணில் மஞ்சள் இறங்கியது. ஆனால் அந்த நாட்களில்தான் எனக்குப் பயம் அதிகம். வலி இருந்தபோது வலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போன பிறகு ஈரல் ஒன்றுதான் மிச்சம். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன். நேற்றைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பேன். காகா அதைக் கவனித்தார். "அப்படியெல்லாம் தெரியாது பாவு. எனக்கு வேட்டி முடிச்சு மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவர் மனைவி கொடுத்த பேடாவைச் சாப்பிட்டுக்கொண்டு, இந்த மனிதர் மாதிரி நான் ஆகிவிடக் கூடாது என்றுதான் நாள் முழுவதும் வேண்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பித்தப்பை உள்ளேயே இருந்தால் மறுபடியும் கல் இறங்கும், வீட்டுக்குப் போவதற்கு முன்பே அதை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் வந்து சொன்னார். தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டுக் கேமரா விடுவார்களாம். "பித்தப்பை ஈரலோடு ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் ஈரலை நான் கண்ணாலேயே பார்ப்பேன். தழும்பேறியது என்றால் முடிச்சு முடிச்சாக, கரடாக இருக்கும். நல்லது என்றால் வழவழவென்று இருக்கும். அதற்கு மேல் சந்தேகம் வேண்டாம்" என்றார்.

இவ்வளவு நாளும் எண், அளவு, மேல்கோடு, கீழ்கோடு என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு மனிதன் கண்ணால் பார்த்துச் சொல்லப் போகிறான். அது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. மெஷின் தப்பு என்றால் ஐஸைச் சொல்லலாம். கண் பார்த்ததை என்ன சொல்வது?

சரசு துணி மாற்றப் போன நேரம் பார்த்து நித்யாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "நாளைக்குக் கரடா இருக்குன்னு சொன்னா அம்மாகிட்ட உடனே சொல்லாத. வீட்டுக்குப் போன அப்புறம் நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

"அப்பா, அம்மா முகத்தைப் பார்த்துட்டு என்னால ஜூட் பேச முடியாது."

"பொய் சொல்ல வேணாம்மா. சும்மா இரு, போதும்."

"உங்களுக்கு அது ஈஸி. எனக்கு வராதுப்பா" என்று மூக்கை உறிஞ்சினாள்.

திரைக்குப் பின்னாலிருந்து சரசுவின் குரல் வந்தது. "இன்னா, அப்பாவும் பொண்ணும் பஞ்சாயத்தா? டாக்டர் வெளிய வந்தா எங்கிட்டதான் முதல்ல சொல்லணும். நான்தான வெளிய நிக்கப் போறேன்? கரடோ வழவழப்போ, முப்பது வருசமா நான் சமைச்சுப் போட்ட ஈரல் அது."

காகா அந்தப் பக்கமிருந்து, "மலா பண் சாங்" என்றார். எனக்கும் சொல்லு என்று. சொல்கிறேன் காகா என்றேன்.

மறுநாள் பித்தப்பையை எடுத்தார்கள். ஈரல் வழவழப்பாக இருந்தது என்று சர்ஜன் வெளியே வந்து சரசுவிடம் சொன்னார். நான் வார்டுக்குத் திரும்பியபோது காகாவை வேறு மாடிக்கு மாற்றியிருந்தார்கள், சொல்கிறேன் என்றதைச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் எனக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள்.